பல்லுக்காக வளர்ந்த பிடி

வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பக்டீரியா வகைகளைக் குருதி ஏகர் தட்டில், அதாவது குருதி கலந்த வளர்ப்புக் கூழில், வளர்த்தால் மறுநாள் காலை குண்டூசித் தலையிலும் சிறிய புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மங்கி ஓர் அழுக்குப் பச்சை படர்ந்திருக்கும். அவை வெளியிடும் ஐதரசன் பேரொட்சைட் ஹீமோகுளோபினைச் சிதைப்பதால் வரும் நிறம் அது. தொண்டையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரியில் இந்தப் பச்சையைக் கண்டால் கொழும்பின் எந்த ஆய்வுகூடத்திலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ‘வழமையான வாய் நுண்ணுயிர்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுப்போம். அதே பச்சை, ஒருவரின் குருதியிலிருந்து தனித்தனியாக எடுத்த மூன்று மாதிரிகளிலும் வளர்ந்திருந்தால், அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் வார்டுக்குத் தொலைபேசி எடுப்போம். அந்த மனிதரின் இதய வால்வில் ஏதோ குடியேறியிருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி அதிகம் இல்லை.

மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் நான். பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. ‘வாய்க்கிருமி இதயத்தைத் தாக்குகிறது’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு ஒரு படையெடுப்பே கண்முன் வரும். அந்தப் பக்டீரியாவுக்கு இதயத்தோடு எந்தப் பகையும் கிடையாது. வால்வில் ஏறிய பக்டீரியா அங்கிருந்து இன்னொரு மனிதருக்குப் போய்ச் சேர வழியில்லை. நோயாளி இறந்தால் அதுவும் அவரோடு சேர்ந்து அழியும். அப்படிப்பட்ட இடத்துக்காக எந்த உயிரியும் தன்னைத் தயார்செய்துகொள்வதில்லை. பிறகு எப்படி, நிமிடத்துக்கு எழுபது தடவை திறந்து மூடும் ஒரு கதவில், பாய்ந்தோடும் குருதிக்கு நடுவே, அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது?

நாயுருவிக் காய் வேட்டிக்கரையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவதைக் கண்டிருப்பீர்கள். ஆடுமாட்டின் மயிரில் தொற்றித் தூரம் போவதற்காக உண்டான முள் அது. வேட்டி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்பரப்புப் புரதங்களின் கதையும் அதுதான். (நாயுருவி வேரால் பல் துலக்கிய தலைமுறைக்கு இந்த உவமை இரட்டிப்பாகப் பொருந்தும்.)

முதலில் வாயைப் பார்ப்போம். பல்லை எவ்வளவு தேய்த்துச் சுத்தம் செய்தாலும் சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரின் புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். பக்டீரியா பிடிப்பது வெறும் பல்லை அல்ல, இந்தப் படலத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்குவினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனியை ஆகிய இரண்டும் அதில் முதல் ஆட்களாக வந்து குடியேறுகின்றன. பல் முளைக்காத குழந்தையின் வாயில் சங்குவினிஸ் நிலைகொள்வதில்லை. முதற்பல் எட்டிப் பார்த்த பிறகுதான் வந்து சேரும். வந்தபின் அது கெட்ட அயலாரும் அல்ல. நான் சொன்ன அந்த ஐதரசன் பேரொட்சைட், பற்சொத்தையை உண்டாக்கும் மியூட்டன்ஸ் வகையை அடக்கி வைக்கிறது. சங்குவினிஸ் செழிப்பாக இருக்கும் வாய் பெரும்பாலும் ஆரோக்கியமான வாய். பத்திரிகைகள் வில்லனாக்கும் அதே உயிரி, பல் வைத்தியரின் கணக்கில் நல்லவர் பக்கம்.

உமிழ்நீரை வழுவழுப்பாக்குவது மியூசின் என்ற புரதக் கூட்டம். அவற்றின் உடலெங்கும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. பல சங்கிலிகளின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். 1936இல் சுவீடனைச் சேர்ந்த குன்னர் பிளிக்ஸ் அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பி மியூசினிலிருந்துதான். கோர்டோனியை பக்டீரியா இந்த நுனியைத்தான் தேடிப் பிடிக்கிறது. அதற்காக அது வைத்திருக்கும் புரதத்துக்கு ஜிஎஸ்பிபி என்று பெயர். இன்னொரு கோர்டோனியை வம்சத்தில் அதன் உறவான எச்எஸ்ஏ, சங்குவினிஸில் எஸ்ஆர்பிஏ.

ஜிஎஸ்பிபியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணப் பக்டீரியாப் புரதத்தில் முந்நூறு சொச்சம் அமினோ அமிலங்கள் இருக்கும். இதில் 3000க்கும் மேல். அந்த நீளத்தின் பெரும்பகுதி செரீன் என்ற ஒரே அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் ஒரு சலிப்பான தொடர். பக்டீரியா தன் பங்குக்கு அந்தச் செரீன்களின்மேலும் சர்க்கரைகளை ஏற்றி, தொடரை விறைப்பாக நீட்டி வைக்கிறது. ஒரு முனை செல்சுவரோடு வேதிப்பிணைப்பால் இணைந்திருக்கிறது. மறுமுனைக்கு அருகில், கட்டுமானத்தின் மிகச் சிறிய பகுதியில்தான் சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும் குழி இருக்கிறது. சுவரிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் ஒரு விரல், அதன் நுனியில் மட்டும் பிடி. இவ்வளவு பருமனான, சர்க்கரை ஏறிய புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்ப வழமையான பாதை போதாது. அதற்கென்றே செக்ஏ2, செக்வை2 என்ற உறுப்புகளைக் கொண்ட தனிப் பாதையை இந்த உயிரி வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் பார்பரா பென்சிங்கும் போல் சல்லமும் 2002இல் அதை வெளியிட்டார்கள். ஒரு புரதத்துக்காகத் தனி வாசல் கட்டிவைத்திருக்கிறது என்றால், பல்லில் நிலைப்பது அதற்கு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிக் குருதிக்குள். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான மடிப்பு, உடம்பின் மிக மெல்லிய எல்லைகளில் ஒன்று. வீங்கிய ஈறில் தூரிகை பட்டாலே அது திறக்கும். பல் பிடுங்கியதும் குருதியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெரிவதை 1935இல் ஓகெல், எலியட் இருவரும் இலண்டனில் காட்டிவிட்டார்கள். ஆனால் என் மனத்தில் நிலைத்தது 2008இல் பீட்டர் லொக்கார்ட் குழுவினர் அமெரிக்காவில் 290 பேரிடம் செய்த ஆய்வு. பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதத்தினரின் குருதியில், வால்வில் குடியேறும் இந்த நோயோடு (சுருக்கமாக வால்வு நோய்) தொடர்புடைய பக்டீரியா தெரிந்தது. பிடுங்குமுன் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் எடுத்தவர்களில் 33 சதவீதம். வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 சதவீதம். பல் பிடுங்குவது வாழ்நாளில் சில தடவைகள் நடப்பது. துலக்குவது நாளுக்கு இரண்டு தடவை. கூட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனக்கும் என்பதற்குப் புள்ளிவிபரவியல் படித்திருக்கத் தேவையில்லை.

அப்படி உள்ளே போனவை பெரும்பாலும் நிமிடங்களுக்குள் ஈரலிலும் மண்ணீரலிலும் அழிந்துவிடும். நல்ல வால்வின் மேற்பரப்பு வழுக்கும். பிடிக்க எதுவும் கிடைக்காது. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து தழும்பேறிய வால்வு, பிறவியிலேயே கோணலான வால்வு, செயற்கை வால்வு ஆகியவற்றின் கதை வேறு. அங்கே குருதி சுழித்தோடி வால்வின் மேற்படலத்தை உராயும். உராய்ந்த இடத்தில் குருதிச் சிறுதட்டுகளும், குருதியை உறையவைக்கும் நார்ப்புரதமான பைபிரினும் படியும். காயத்தை அடைக்கும் உடம்பின் நல்லெண்ண வேலை அது. அதில் கிருமி எதுவும் இல்லை.

சிறுதட்டின் மேல் கிளைக்கோபுரதம் ஒன்று-பி என்ற மூலக்கூறு நிற்கிறது. வேகமாக ஓடும் குருதியில் சிறுதட்டு காயத்தைப் பிடித்து நிற்க உதவுவது அதுதான். அதன் தண்டெங்கும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. நுனியில் சியாலிக் அமிலம். உமிழ்நீர் மியூசினில் தொங்கும் சங்கிலிக்கும் இதற்கும் கோர்டோனியையின் குழியைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை. பல்லின் படலத்தைத் தேடும் விரல், வால்வில் சிறுதட்டைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது.

இது அழகான ஊகம் மட்டும்தானா என்று கேட்கலாம். 2011இல் டீனா ஐவர்சன், சல்லம் ஆகியோரின் குழுக்கள் அந்தக் குழியின் வடிவத்தை எக்ஸ் கதிர்ப் படிகவியலால் கண்டறிந்தன. பிறகு 484ஆவது இடத்தில் இருந்த ஆர்ஜினினை மட்டும் எடுத்துவிட்டு அங்கே குளூட்டமிக் அமிலத்தை வைத்தார்கள். மூவாயிரத்தில் ஒன்று. அந்தப் பக்டீரியாவால் சிறுதட்டுகளை முன்போலப் பிடிக்க முடியவில்லை. எலிகளின் குருதியில் செலுத்தியபோது வால்வு நோயும் குறைந்தது. இன்னொரு விடயமும் அந்த வடிவத்தில் தெரிந்தது. நமது நோயெதிர்ப்புச் செல்களும் சியாலிக் அமிலத்தை அடையாளம் காணச் சிக்லெக் என்ற புரதங்களை வைத்திருக்கின்றன. பக்டீரியாவின் பிடியில் ஒரு பகுதி அவற்றின் மடிப்பை ஒத்திருந்தது.

பிடித்த பிறகு நடப்பது வேகமாக நடக்கும். பக்டீரியா சிறுதட்டுகளைத் தூண்டும். தூண்டப்பட்டவை மேலும் சிறுதட்டுகளைக் கூப்பிடும். அவற்றின்மேல் பைபிரின் மூடும். உள்ளே பக்டீரியா பெருகும். வெள்ளையணுக்கள் அந்தக் கட்டிக்குள் எளிதில் நுழைவதில்லை, மருந்தும் மெதுவாகவே ஊறும். அதனால்தான் சாதாரண பென்சிலினுக்கே சாகும் ஒரு பக்டீரியாவுக்கு நான்கு கிழமை நாளத்தில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. கட்டியின் துணுக்கு உடைந்தால் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போய்க் குழாயை அடைக்கும்.

வில்லியம் ஒஸ்லர் 1885இல் இலண்டனில் இந்நோயைப் பற்றி மூன்று உரைகள் நிகழ்த்தியபோது வைத்தியர்களால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலருக்கு 1911இல் நியூயோர்க்கில் குருதி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தது. தமக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு மே 18இல் வியன்னாவில் இறந்தார். வயது 50. பென்சிலினால் இந்நோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய அறிக்கை 1944இல்தான் வந்தது.

இதெல்லாம் எனக்கு வேலையாக மட்டும் இருந்த காலம், வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததோடு முடிந்தது. அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பள்ளி நாளில் மூட்டு வீங்கிப் படுத்ததும், பிறகு பல வருடம் பென்சிலின் ஊசி போட்டதும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாதக் காய்ச்சலைத் தொடக்கி வைத்ததும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான், ஆனால் வேறு வகை. தொண்டையில் வந்து, நமது நோயெதிர்ப்பையே வால்வின்மேல் திருப்பிவிட்டுப் போகும் வகை. அது விட்ட தழும்பில் ஐம்பது வருடம் கழித்து அதன் ஒன்றுவிட்ட சகோதரம் வந்து உட்கார்ந்தது.

மாலையானால் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, சாப்பாட்டில் வெறுப்பு. சந்திக்குச் சந்தி இருக்கும் தனியார் வைத்தியர்களில் ஒருவர் ஐந்து நாளுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. மருந்து முடிந்து சில நாளில் திரும்ப வந்தது. இன்னொரு அன்டிபயோட்டிக். மறுபடி இறங்கியது, மறுபடி வந்தது. டெங்கு பார்த்தார்கள், எலிக்காய்ச்சல் பார்த்தார்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் அவற்றை முதலில் நினைப்பதில் தவறில்லை. ஆனால் நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி உள்ள ஒரு மனிதருக்கு இரண்டு கிழமைக்கு மேல் காய்ச்சல் என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே குருதி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அரைகுறையாகக் கொடுத்த அன்டிபயோட்டிக், கட்டிக்குள் இருப்பதைக் கொல்லாது. குருதியில் மிதப்பதை மட்டும் கொன்று, நாங்கள் குருதியை இட்டு வளர்க்கும் போத்தல்களில் எதுவும் வளராமல் செய்துவிடும். போத்தலில் எதுவும் வளராவிட்டால் எதற்கு எதிராக வைத்தியம் செய்கிறோம் என்று தெரியாமலே கிழமைக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்வதாக வீட்டில் சொல்கிறார்கள். உயரட்டும்.

மாமாவுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். மருந்தை நிறுத்திச் சில நாள் விட்டு எடுத்த மூன்று தொகுதிக் குருதி மாதிரிகளில் இரண்டில் பச்சை வந்தது. இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வில் ஒரு கட்டி ஆடுவது எக்கோ என்ற ஒலியலைப் படத்தில் தெரிந்தது. படுக்கையில் இருந்தபடி அவர் கேட்ட கேள்வி இது: “பிள்ளை, நான் பல் பிடுங்கி எத்தனையோ வருடம். ஒரு நாளும் பல் விளக்காமல் தேநீர் குடித்ததில்லை. வாயிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறாய்?”

“மாமா, விளக்கும்போது எச்சிலில் இரத்தம் வருமா?”

“அது யாருக்குத்தான் வராது?”

அந்தப் பதிலில் நம் ஊர் முழுவதும் இருக்கிறது. ஈறில் இரத்தம் கசிவதை நாங்கள் நரை விழுவதைப் போல எடுத்துக்கொள்கிறோம். லொக்கார்ட் குழுவினரே 2009இல் வெளியிட்ட தொடர்ச்சியில், துலக்கிய பின் வாய் முழுதும் இரத்தம் கசிந்தவர்களிடம் குருதிக்குள் பக்டீரியா புகும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்காக இருந்தது.

மேற்பரப்புப் புரதத்தை மறித்துவிட்டால் நோயையே தடுத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பராசங்குவினிஸ் என்ற இன்னொரு வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஃபிம்ஏ என்ற புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்ட எலிகளுக்கு வால்வு நோய் குறைவாக வந்தது என்று 1990களிலேயே காட்டினார்கள். ஆனால் சங்குவினிஸ் இந்த நம்பிக்கைக்கு நல்ல அடி கொடுத்தது. அதன் செல்சுவரில் நங்கூரமிடப்பட்ட புரதங்கள் என 33ஐ இனங்கண்டு, வேர்ஜீனியாவில் டொட் கிற்றன் குழுவினர் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு முயல்களில் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவு: எந்த ஒன்றை மட்டும் நீக்கினாலும் வால்வில் குடியேறும் திறன் குறிப்பிடும்படி குறையவில்லை. ஒரு பிடி போனால் இன்னொரு பிடி. எலியில் கோர்டோனியைக்கு ஓர் அமினோ அமிலமே தீர்மானித்தது. முயலில் சங்குவினிஸுக்கு ஒரு முழுப் புரதம் போனாலும் கவலையில்லை. இரண்டும் உண்மை. உயிரியும் வேறு, விலங்கும் வேறு. மியூட்டன்ஸில் சில வம்சங்கள் மட்டும் வைத்திருக்கும் சிஎன்எம் என்ற புரதமோ சிறுதட்டைத் தேடாமல், திசுக்களைத் தாங்கி நிற்கும் புரதமான கொலாஜனை நேரே பிடிக்கிறது.

அதே குழு இன்னொன்றையும் கண்டது, எனக்கு அதுதான் சுவாரசியம். ஃபிம்ஏயின் உறவான எஸ்எஸ்ஏபி என்ற புரதத்தை நீக்கியபோது சங்குவினிஸ் உண்மையிலேயே தளர்ந்தது. முதலில் இந்தக் குடும்பத்தையும் ஒட்டும் புரதங்கள் என்றே நினைத்திருந்தார்கள். அதன் உண்மையான வேலை மங்கனீசை உள்ளே இழுப்பது. வாயின் ஈறு மடிப்பில் ஒட்சிசன் குறைவு. இதயத்தின் இடப்பக்கக் குருதியில் ஏராளம். மங்கனீசு இல்லாமல் அந்த ஒட்சிசனைச் சங்குவினிஸால் சமாளிக்க முடியவில்லை. பிடித்துக்கொள்வது ஒரு பாதி, பிடித்த இடத்தில் பிழைப்பது மறுபாதி. மருந்துக்கான வழி இரண்டாவது பாதியில் கிடைக்கும் என்பது என் கணிப்பு. ஒட்டுவதை மறிக்கும் மருந்து வாயிலும் அதே வேலையைச் செய்து, நல்ல அயலாரைப் பல்லிலிருந்து விரட்டி, மியூட்டன்ஸுக்கு இடம் விடும் அபாயமும் இருக்கிறது அல்லவா?

அதுவரை கையில் இருப்பது அமொக்சிசிலினும் பல் தூரிகையும். பல் சிகிச்சைக்கு முன் அன்டிபயோட்டிக் கொடுப்பதை அமெரிக்க இதயச் சங்கம் 1955இல் தொடக்கிவைத்தது. 2007இல் அதே சங்கம், செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கனவே இந்நோய் வந்தவர்கள், சில பிறவிக் குறைபாடுகள் உள்ளவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளோருக்கு மட்டும் போதும் என்று சுருக்கியது. பிரித்தானியா 2008இல் யாருக்குமே வேண்டாம் என்றது. 2016இல் ‘வழமையாக’ வேண்டாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஒரு வாசலைத் திறந்துவிட்டது. நியூசிலாந்து வாதக் காய்ச்சலால் பழுதான வால்வு உள்ளவர்களையும் பட்டியலில் வைத்தது. வாதக் காய்ச்சல் இன்னும் நினைவிலிருந்து போகாத நம் நாட்டில் இருந்து பார்க்கும்போது எனக்கு நியூசிலாந்தின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மலிவான மாத்திரை, ஒரே ஒரு தடவை.

ஆனாலும் மாத்திரையைப் பற்றிய வாதத்தில் வாயை மறந்துவிடுகிறார்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலையிலிருந்து லிப்டன் சுற்றுவட்டத்தைக் கடந்து வோர்ட் பிளேஸில் ஏறினால் தேசிய பல் வைத்தியசாலை வந்துவிடும். நடந்தே போகலாம். இரண்டும் இலவசம். இதயக் கிளினிக்குக்கு மாதாமாதம் போகும் எத்தனை பேர் அந்தத் தூரத்தை நடந்திருக்கிறார்கள்? மாமா ஒரு தடவைகூட நடந்ததில்லை. யாரும் அவரை நடக்கச் சொன்னதும் இல்லை. கிளினிக் கொப்பியில் குருதியமுக்கம், எடை, மருந்துகளின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஈறைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நான்கு கிழமை ஊசி முடிந்து வீடு வந்த பிறகு நான்தான் அழைத்துப் போனேன். பல் வைத்தியர் ஒரு பெண். கொப்பியைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே வால்வு நோய் வந்தவர் என்பதால் ஈறைத் தொடும் எந்தச் சிகிச்சைக்கும் ஒரு மணி நேரத்துக்கு முன் 2 கிராம் அமொக்சிசிலின் குடித்துவிட்டு வர வேண்டும் என்றார். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். கடைவாய்ப் பற்களைச் சுற்றிக் கல்லாகிப் போன காரையைச் சுரண்டி எடுக்க மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்றும், பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னார். வெற்றிலையை நிறுத்தச் சொன்னபோது மாமா தலையாட்டினார். நிறுத்துவாரா என்பது வேறு விடயம். வெளியே வந்ததும், அந்தப் பல் போனால் முறுக்குக் கடிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்.